மரத்தின் ரணம்

கல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி நதியின் மேல்கரையில், 1787ஆம் ஆண்டில் ராபர்ட் கிட் என்பவர் தொடங்கிய சிப்பூர் தாவரத் தோட்டத்தில், நான்கு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைத் தன் நிழலால் மூடிக்கொண்டு நிற்கும் ஆலமரம் ஒன்று உண்டு. அதைக் காணச் செல்வோர் விழுதுகளின் கூட்டத்துக்கு நடுவே அதன் அடிமரத்தைத் தேடுவது வழக்கம். தேடிப் பயனில்லை, ஏனெனில் அடிமரம் 1925ஆம் ஆண்டிலேயே வெட்டி அகற்றப்பட்டுவிட்டது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வங்காளத்தைத் தாக்கிய இரு பெரும் புயல்களில் அந்த மரத்தின் பிரதான கிளைகள் சில முறிந்தன. முறிந்த வாய்களின் வழியே, மரக்கட்டையைத் தின்று வாழும் பூசணம் உள்ளே புகுந்தது. சுமார் 50 அடிச் சுற்றளவு கொண்டிருந்த நடுமரம் உள்ளூற உளுத்து, இனித் தேறாது என்று அதிகாரிகள் முடிவு செய்து கோடாரி வைத்தபோது, புயல் அடித்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த அறுபது ஆண்டுக் கணக்கைத்தான் நம் தோட்டக்காரர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஐப்பசி மழையில் மாமரத்தின் அடியில் தட்டுத் தட்டாய்க் காளான் பூத்திருப்பதைக் காலையில் காணும் வீட்டுக்காரர், வியாதி முந்தின இரவுதான் வந்தது என்று எண்ணி, அன்று மாலைக்குள் கடையிலிருந்து ஏதேனும் ஒரு மருந்தை வாங்கி அதன்மேல் தெளித்துவிட்டு ஆறுதல் கொள்கிறார். ஆனால் வெளியே தெரியும் காளான் பூசணத்தின் கனி மாத்திரமே. அதன் சரீரம் முழுவதும், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாக, அநேக ஆண்டுகளாய் மரத்தின் உள்ளே பரவிக் கிடக்கிறது. கனியைப் பறித்தெறிவதால் செடி அழிந்துவிடுமா?

பூசணத்தின் இழைக்கும் வெளியே தோன்றும் காளானுக்கும் உள்ள இந்த உறவு, நமக்கு இன்று எளிதாகத் தோன்றினாலும், 1870களில் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஹார்டிக் என்னும் வனவியல் அறிஞர் நுணுக்குக் கண்ணாடியின் உதவியால் நிரூபித்துக் காட்டும் வரையில் ஐயத்துக்கு இடமாகவே இருந்தது. அதற்கு முன்னர், மரம் தானாக அழுகுகிறது, அழுகலிலிருந்து காளான் பிறக்கிறது என்று கருதியவர் பலர். 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, சுமார் பத்து லட்சம் மக்களைப் பட்டினிக்கும் காய்ச்சலுக்கும் பலி கொடுத்த கருகல் நோயைப் பற்றியும் கற்றோர் பலர் அவ்வாறே எண்ணினர்: ஈரமும் குளிருமான காற்றினால் கிழங்கு அழுகிற்று, அழுகலின் மேல் பூசணம் வந்து அமர்ந்தது என்றனர். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிக் கொண்ட இந்த மயக்கத்தை 1861இல் ஆண்டன் டி பாரி என்னும் மற்றொரு ஜெர்மானிய அறிஞர் தம் பரிசோதனைகளால் நீக்கினார்; தாவர நோய்ச் சாஸ்திரம் என்பது பெரும்பாலும் இந்த இருவரின் உழைப்பிலிருந்தே கிளைத்தது.

மரக்கட்டையை உண்பது அவ்வளவு சுலபமான காரியமன்று. கட்டையின் உறுதிக்கு ஆதாரமானவை செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளும், அந்த நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளும் ஆகும். சில பூசணங்கள் செல்லுலோஸைக் கரைத்து உண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அப்போது எஞ்சிய கட்டை பழுப்பு நிறமாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்கிறது. வேறு சில லிக்னினையும் சேர்த்தே உண்ணும் வல்லமை உடையவை. அவை தின்ற கட்டை வெளிறி, ஈரப் பஞ்சுபோல மெத்தென்று, நார் நாராகப் பிரிகிறது. உடைந்து விழுந்த கிளையை அடுப்புக்கு அனுப்புமுன் அதன் வாயை ஒரு கணம் விரலால் நெருடிப் பார்ப்பவர், இவ்விரண்டில் எது தம் மரத்தில் குடியிருக்கிறது என்பதைப் பிரத்தியட்சமாக அறிந்துகொள்ளலாம். எதுவாயினும் ஈரமின்றி வாழாது. நன்கு உலர்ந்த தேக்கு உத்தரம் நூறாண்டு நிற்பதும், ஓடு ஒழுகும் மூலையில் அதே உத்தரம் சில ஆண்டுகளில் இற்றுவிடுவதும் இதனால்தான்.

இனி, மரம் இந்தப் பகையை எவ்வாறு எதிர்க்கிறது என்பதைப் பார்ப்போம். நம் கையில் ஒரு வெட்டுக்காயம் பட்டால், கெட்ட தசை நீங்கி, அதே இடத்தில் புதுத் தசை வளர்ந்து, காயம் ஆறுகிறது. மரத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஒருமுறை சேதமுற்ற கட்டை ஒருநாளும் புதுப்பிக்கப்படுவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட காயம், மேலே பட்டை மூடிய பின்னும், உள்ளே அப்படியே இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் வனத்துறையில் 1959ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி செய்த அலெக்ஸ் ஷைகோ என்பவர், தாவர நோய்களைப் படித்தவர் அதுவரை பெரும்பாலும் மரத்தைக் குறுக்காகவே அறுத்துப் பார்த்துவந்ததை விடுத்து, இயந்திர ரம்பத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தார். அழுகல் உள்ளே தன்னிச்சையாகப் பரவவில்லை, மரம் வகுத்துக் கொடுத்த எல்லைகளுக்குள்ளேயே அது அடைபட்டுக் கிடந்தது என்பதே அவர் கண்டது. தீப்பற்றிய வீட்டில் எரியும் அறையை மீட்க முயலாமல் அதைச் சுற்றியுள்ள கதவுகளையெல்லாம் அடைத்துவிடும் விவேகியைப் போல, மரமும் காயம்பட்ட பகுதியைக் கைவிட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறது.

ஷைகோ 1977இல் விளக்கிய முறைப்படி அச்சுவர்கள் நான்கு. மேலும் கீழும் நீர் செல்லும் நுண்குழாய்களைப் பிசினாலும் பிற பொருள்களாலும் அடைப்பது முதலாவது. நான்கினுள் மிகவும் பலவீனமானது இதுவே, ஆதலால்தான் அழுகல் பக்கவாட்டில் பரவுவதைக் காட்டிலும் மேலும் கீழுமாக வெகுதூரம் ஓடுகிறது. உள்நோக்கிய பரவலை வளர்ச்சி வளையங்களும், சுற்றிவரும் பரவலை மையத்திலிருந்து ஆரங்கள்போல் கிளம்பும் அணுவரிசைகளும் தடுக்கின்றன. நான்காவது சுவர் காயம் பட்ட பின்னரே தோன்றுவது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்று ஒரு மெல்லிய வளரும் படலம் இருக்கிறதல்லவா? அது, காயம் பட்ட நாள்வரை இருந்த பழைய கட்டைக்கும் இனி உண்டாகப் போகும் புதிய கட்டைக்கும் நடுவே, பூசணத்தால் எளிதில் ஊடுருவ முடியாத ஒரு தடுப்பை உண்டாக்கிவிடுகிறது. இந்தச் சுவர் உறுதியாக நிற்கும் வரையில், உள்ளே வைரம் முழுவதும் தின்னப்பட்டுக் குகையாகிவிட்டாலும், வெளியே வெளிறும் பட்டையும் ஆண்டுதோறும் புதிதாக வளர்ந்து மரம் தழைத்துக்கொண்டிருக்கும். பொந்து விழுந்த புளியமரம் வஞ்சனையின்றிக் காய்ப்பதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

இந்த உண்மை புலப்பட்டதும், தோட்டத்தில் நாம் நல்லெண்ணத்தோடு செய்துவரும் சில காரியங்களின் விபரீதம் தானே விளங்கிவிடும். கிளையைக் கழிக்கும்போது, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, தாய்மரத்தோடு ஒட்ட வழித்து வெட்டிவிடுவது அவற்றுள் முதன்மையானது. கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் சற்றே தடித்து மடிந்த கழுத்து ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தி நிறைந்த அந்தக் கழுத்து உண்மையில் தாய்மரத்தைச் சேர்ந்தது. அதையும் சேர்த்து வெட்டினால் கிளையை மட்டும் இழக்க வேண்டிய மரத்தின் மார்பிலேயே காயம் ஏற்படுத்தியவர்களாகிறோம். கழுத்துக்கு வெளியே, ஆனால் நீண்ட முளை எஞ்சாதபடி வெட்டுவதே சரியான முறை. கிளை பெரிதாயின், முதலில் சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின்பு மேலிருந்து அறுத்துப் பளுவை இறக்கிவிட்டு, கடைசியில் கழுத்தருகே வெட்ட வேண்டும். இல்லையேல் விழும் கிளை அடிமரத்தின் பட்டையை நெடுகக் கிழித்துக்கொண்டு போய்விடும்.

வெட்டுவாயில் தார் பூசும் வழக்கம் அடுத்தது. தார் அழுகலைத் தடுப்பதாக ஷைகோ முதலியோர் செய்த நீண்டநாள் சோதனைகளில் சான்று கிட்டவில்லை. வெயிலில் வெடித்த தாரின் அடியில் ஈரம் தங்கிப் பூசணத்துக்கே அது சௌகரியமாக முடிவதும் உண்டு. பொந்துக்குள் சிமெண்டுக் கலவையைத் திணித்து அடைப்பதும், தேங்கிய நீரை வடிப்பதற்கென்று அடியில் துளை போடுவதும் இதினும் மோசமானவை, ஏனெனில் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் உளியும் துளையிடும் கருவியும், மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய சுவரை ஒரே நொடியில் உடைத்துவிடுகின்றன. மா, எலுமிச்சை ஆகியவற்றின் வெட்டுவாயில் தோட்டக்கலைத் துறையினர் பூசச் சொல்லும் தாமிரப் பசையை இவற்றோடு சேர்த்துத் தள்ளிவிடலாகாது. புது வெட்டில் தொற்றி நுனியிலிருந்து கிளையைக் காயச் செய்யும் சில நோய்களைச் சில மாதங்கள் தடுப்பதற்கென்று அது பூசப்படுகிறதே ஒழிய, வைரத்தை உண்ணும் பூசணத்துக்குப் பரிகாரமாக அன்று.

இதுகாறும் கூறியவை கேம்பியம் உள்ள மரங்களுக்கே பொருந்தும். நம் தோட்டத்து முதல் மரமான தென்னையோ இந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. தென்னை, பனை, கமுகு ஆகியவற்றின் தண்டில் கேம்பியமும் இல்லை, வளர்ச்சி வளையமும் இல்லை. நீர் செல்லும் நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே தென்னையின் தண்டில் பட்ட காயத்தை மூட எதுவும் வளராது. ஏறுவதற்காக வெட்டிய படியும், துணி உலர்த்தும் கயிற்றுக்காகவும் விளம்பரப் பலகைக்காகவும் அடித்த ஆணியும் மரத்தின் ஆயுள் உள்ளளவும் திறந்த வாயாகவே இருக்கும். அத்தகைய வாய்களிலும் தண்டில் இயல்பாக விழும் வெடிப்புகளிலும் பூசணம் புகுந்து, செம்பழுப்பான சாறு வடிந்து காய்ந்து கறுப்பதைப் பல தோப்புகளில் காணலாம். தென்னையில் ஆணி அடிப்பவரைத் தடுப்பதில் மரத்தின் சொந்தக்காரர் சற்றுக் கடுமையாகவே நடந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்னைக்கு வேறொரு பலவீனமும் உண்டு. அதன் வளர்ச்சி முழுவதும் உச்சியிலுள்ள ஒரே குருத்தைச் சார்ந்தது. குருத்து அழிந்தால் மரம் அழிந்தது. மழைக்காலத்தில் நடுக்குருத்து மஞ்சளித்து வாடி, பிடித்திழுத்தால் கையோடு வந்துவிட, அடியில் சகிக்க முடியாத துர்நாற்றம் வீசுமாயின் அது குருத்தழுகல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த கோதாவரி டெல்டாவில், இவ்வியாதி பனைகளைப் பெருவாரியாகக் கொன்றபோது, பூசாவில் இந்திய அரசாங்கத்தின் பூசணவியல் நிபுணராக இருந்த எட்வின் பட்லர் அதை ஆராய்ந்து காரணத்தைக் கண்டறிந்தார். 1918இல் அவர் வெளியிட்ட தாவர நோய் நூல் நெடுநாள் இந்தியாவில் இத்துறைக்கு ஆதாரமாக விளங்கிற்று. இந்நோயின் கர்த்தாவான பைட்டோப்தோரா, அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததற்கு நெருங்கிய உறவினன். பூசணம் என்று வழக்கில் சொல்கிறோமாயினும், இக்குடும்பத்தை உண்மையான பூசணங்களிலிருந்து பிரித்து, பழுப்புப் பாசிகளுக்கு உறவாக வைப்பதே இன்றைய விஞ்ஞான முடிவு. அதன் வித்துகள் இரண்டு மெல்லிய சாட்டைகளை அசைத்து நீரில் நீந்திச் செல்பவை. குருத்தின் இடுக்கில் மழைநீர் தேங்கி நிற்பது அவற்றுக்கு எவ்வளவு சாதகமென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் குருத்தழுகலுக்குச் சிகிச்சை உண்டு. அழுகிய பகுதி முழுவதையும் நல்ல திசு தெரியும்வரை கத்தியால் நீக்கி, போர்டோ பசையைப் பூசி, புதுக் குருத்து வெளிவரும் வரையில் மழைநீர் இறங்காதபடி மூடி வைக்க வேண்டும். சுற்றிலுமுள்ள மரங்களின் குருத்துகளிலும் மழைக்கு முன்பே போர்டோ கலவையைத் தெளித்துவிட வேண்டும். இந்தக் கலவை பிறந்த கதை சுவையானது. பிரான்சில் போர்டோ நகரை அடுத்த மெடாக் பகுதியில், சாலையோரத் திராட்சையைத் திருடித் தின்பவர்களை அஞ்சச் செய்வதற்காக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நீலமாக ஓரத்துக் கொடிகளின்மேல் தெளித்து வைப்பது வழக்கம். 1882இல் அவ்வழியே சென்ற பேராசிரியர் மில்லார்டே, தோட்டத்தின் உட்புறக் கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் இலை உதிர்ந்து நிற்க, திருடனுக்காக மருந்திட்ட ஓரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக இருக்கக் கண்டார். மூன்றாண்டுச் சோதனைக்குப் பின் 1885இல் செய்முறையை வெளியிட்டார்.

நூறு லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், நீற்றிய சுண்ணாம்பை மற்றொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்பு நீரில் துத்த நீரைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே தக்கவை. பளபளப்பாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்தால் அதன்மேல் செம்மை படிகிறதா என்று பார்க்க வேண்டும். படிந்தால் தாமிரம் மிகுந்திருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு சேர்த்தால்தான் இலை கருகாது. அன்று செய்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். அதே அளவு துத்தத்தையும் சுண்ணாம்பையும் பத்து லிட்டரில் குழைத்தால் அதுவே பசை. தாமிரம் இலையின் மேற்பரப்பில் படிந்திருந்து, வந்து விழும் வித்து முளைப்பதைத் தடுக்கிறது. உள்ளே ஏற்கனவே வேரூன்றிவிட்ட பூசணத்தை அது தொடுவதில்லை. ஆகையால் இது நோய்க்கு முன் தெளிக்க வேண்டியது. ஆண்டுக்காண்டு அளவின்றித் தெளித்தால் தாமிரம் மண்ணில் சேர்ந்து மண்புழுவுக்குக் கேடாகும் என்பதையும் மறத்தலாகாது.

குருத்தழுகலைவிட அடித்தண்டில் தோன்றும் அழுகல் கபடமானது. தஞ்சை மாவட்டத்தில் 1952இல் கண்டறியப்பட்டு, அந்த ஊரின் பெயராலேயே தஞ்சாவூர் வாடல் நோய் என்று வழங்கும் வியாதிக்குக் காரணம் கேனோடெர்மா என்னும் பூசணம். மண்ணில் இருந்து வேரைப் பற்றி, வேரின் வழியே தண்டுக்கு ஏறுகிறது, தண்டின் அடியில் சாறு வடியத் தொடங்கி வரவர மேலேறும், அடிமட்டைகள் வாடித் தொங்கும், குரும்பை உதிரும், மேலே அரக்குப் பூசினாற்போல் பளபளக்கும் காளான் மரத்தடியில் தோன்றும்போது நிலைமை பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். கடலோரத்து மணற்பாங்கான நிலமும், கோடையில் நீர் காணாத பராமரிப்பற்ற தோப்பும் இதற்கு உகந்தவை. பட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டியெடுத்து அழிப்பதும், நோயுற்ற மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழமும் ஓரடி அகலமுமாக அகழி எடுத்து வேர்த் தொடர்பை அறுப்பதும், மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், ஒரு மரத்தடியிலிருந்து மறு மரத்தடிக்கு நீர் ஓடும்படி பாய்ச்சுவதை விட்டு மரத்துக்கு மரம் தனிப் பாத்தி கட்டுவதும் வேளாண் துறையினர் கூறும் உபாயங்கள். இவற்றுள் எதுவும் கடையில் புட்டியில் கிடைப்பதன்று. அதனாலேயே பலர் இவற்றைச் செய்வதில்லை.

எலுமிச்சையின் அடியில் பிசின் ஒழுகுவதும் நீரின் பிழையே. தண்டைத் தொட்டுக்கொண்டு பாத்தி கட்டி நிரப்பினால், நீந்தி வரும் அதே பைட்டோப்தோரா பட்டையை அழுகச் செய்கிறது. தண்டில் படாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் வரப்பு எழுப்பி, அதற்கு வெளியே வட்டமாக நீர் விட்டால் போதும். தண்டைச் சுற்றி மண்ணையும் சருகையும் குவித்து வைப்பதும், வாசல் மரத்தின் கழுத்துவரை சிமெண்டுத் தளம் போடுவதும் இவ்வகைக் குற்றங்களே. மாவிலையைப் புகைபோல் மூடும் கரும்பூசணத்தைக் கண்டு மட்டும் பதற வேண்டாம். தத்துப்பூச்சி கசியவிடும் தேன்போன்ற திரவத்தில் வளரும் அது இலைக்குள் நுழைவதில்லை. பூச்சியை அடக்கிவிட்டு, ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் நீரில் காய்ச்சி இருபது லிட்டராக்கித் தெளித்தால், வெயிலில் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழுந்துவிடும்.

இறுதியாக, பொந்து விழுந்த மரத்தை வெட்டுவதா விடுவதா என்ற கேள்வி வருகிறது. கணக்கு இதில் மரத்தின் பக்கம் பேசுகிறது. தண்டின் விட்டத்தில் பாதியளவுக்கு நடுவே குழியாகிவிட்டாலும், சுற்றுக் கட்டை முழுமையாக இருக்குமாயின், காற்றை எதிர்த்து வளையாமல் நிற்கும் வலிமையில் அது இழப்பது பதினாறில் ஒரு பங்கு மாத்திரமே. விட்டத்தில் பத்தில் ஏழு பங்கு குழியானால் இழப்பு நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது, அதற்கு மேல் வெகு விரைவாக ஏறுகிறது. ஆதலால் மேலே பொந்து இருப்பதைப் பார்த்து அஞ்சுவதைவிட, அடியைச் சுற்றிக் குனிந்து பார்ப்பதே முக்கியம். சுற்றுக் கட்டையில் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தாலும், வேரும் தண்டும் கூடும் இடத்தில் காளான் வரிசையாகப் பூத்திருந்தாலும், ஒருபுறத்து மண் வெடித்து எழும்பியிருந்தாலும், மேலே இலை எவ்வளவு பசுமையாக இருந்தபோதிலும், வேரின் பிடி தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அத்தகைய மரம் வீட்டையோ பாதையையோ நோக்கிச் சாய்ந்திருக்குமாயின், மண் ஊறிப்போகும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆவணிக்குள், விவரம் தெரிந்த ஆட்களைக் கொண்டு மேலிருந்து துண்டு துண்டாக இறக்கிவிடுவது உசிதம். தூரைத் தோண்டி எடுக்கும் கூலியைச் சேர்த்தே பேசிக்கொள்ள வேண்டும், மண்ணில் விட்ட தூர் அடுத்து நடும் கன்றுக்குப் பூசணத்தைச் சேமித்து வைக்கும்.